பெயர் வெட்டிய தூக்குவாளி

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை இரவு, எங்கள் தெருமுனைப் பரோட்டாக் கடையில் பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். இடது கையில் வாழையிலையும் செய்தித்தாளும் சுற்றிய பொட்டலம். வலது கையில் இரண்டு கவர்கள். ஒன்றில் சால்னா, இன்னொன்றில் தயிர் வெங்காயம். சால்னாவின் சூடு தாங்காமல் கவரின் முடிச்சை விரல் நுனியில் தொங்கவிட்டபடி நடந்தேன். எதிரே எட்டாம் வகுப்பில் என்னிடம் படிக்கும் பெண் ஒருத்தி தன் அப்பாவோடு வந்தாள். அந்த வாரம்தான் நெகிழி ஒழிப்புக் கட்டுரைப் போட்டியில் அவளுக்கு முதல் பரிசு கொடுத்திருந்தேன். கைதட்டச் சொன்னதும் நான்தான்.

“வணக்கம் டீச்சர்” என்றாள். அவள் பார்வை என் முகத்தில் ஒரு நொடி நின்றது, கவரில் கொஞ்சம் கூடுதலாக நின்றது. வேறொன்றும் சொல்லவில்லை. ஏதாவது கேட்டிருந்தால் நானும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன். அன்று சால்னா எனக்கு இறங்கவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். நன்றாகச் சாப்பிட்டேன். தூக்கம்தான் வரவில்லை.

எங்கள் பள்ளியில் தேசியப் பசுமைப் படை என்னும் மாணவர் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு நான் பொறுப்பாசிரியை. அறிவியல் எடுப்பவள் என்பதால் தலையில் விழுந்த வேலை, பிறகு பிடித்துப்போய்விட்டது. ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் வந்தால் உறுதிமொழி, மரக்கன்று, ஒரு புகைப்படம். ஒரே குழியில் மூன்று ஆண்டுகள் கன்று நட்டிருக்கிறோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். ஓராண்டு விழிப்புணர்வுப் பேரணி நடத்தினோம். வெயிலில் கோஷம் போட்டுத் தொண்டை வறண்ட பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தண்ணீர் பாக்கெட் கொடுத்தோம். பேரணி எந்தத் தெரு வழியாகப் போனது என்று மறுநாள் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பாக்கெட்டுகளே வழி காட்டின.

நான் மட்டும் செய்த அசட்டுத்தனம் அல்ல இது. பின்னால் பெரிய நம்பிக்கை ஒன்று இருந்தது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுற்றுச்சூழலைக் கல்வியில் கட்டாயப் பாடமாக்க வேண்டும், திரையரங்குகள் ஒவ்வொரு காட்சியிலும் குறைந்தது இரண்டு சுற்றுச்சூழல் ஸ்லைடுகளைக் காட்ட வேண்டும், வானொலியும் தொலைக்காட்சியும் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்றெல்லாம். மக்களுக்குத் தெரிந்துவிட்டால் மாறிவிடுவார்கள் என்பதுதான் அதன் உள்ளே இருந்த எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் ‘நெகிழியின் தீமைகள் ஐந்து எழுதுக’ என்ற கேள்விக்கு என் வகுப்பில் மதிப்பெண் இழந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், கவரைத் தின்று செத்துப்போன மாட்டின் கதையைச் சொல்வார். சொல்லி முடித்துவிட்டுப் பக்கத்துக் கடையில் கவரில்தான் தக்காளி வாங்குவார். தெரியாமை எங்கே இருக்கிறது? எல்லோருக்கும் தெரிந்ததையே நான் வருடக்கணக்கில் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருட்களுக்குத் தடை 2019 ஜனவரி 1-இல் வந்தது. உணவு கட்டும் தாளும் கைப்பையும் அந்தப் பட்டியலில் உண்டு. எங்கள் தெருவில் சில வாரங்கள் எல்லோர் கையிலும் பாத்திரம் இருந்தது. பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் கவர் முதலில் மேசைக்கு அடியிலும் பிறகு மேசை மேலும் வந்தது. சட்டம் சொல்லியும் கேட்காதவர்கள் நான் சொல்லியா கேட்பார்கள் என்று நினைத்தேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான், நானே நான் சொன்னதைக் கேட்கவில்லையே என்று உறைத்தது.

எங்கள் பேச்சுப் போட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. “இன்று மதுரையில் எங்கு பார்த்தாலும் குப்பை! எல்லோரும் தெருவில்தான் வீசுகிறார்கள்!” என்று பிள்ளைகள் கை நீட்டி முழங்குவார்கள். எழுதிக் கொடுத்தது பெரும்பாலும் நான். இதில் என்ன தவறு என்று கேட்கலாம். அமெரிக்காவில் அரிசோனாவில் கல்லாய்ப்போன பழங்கால மரத்துண்டுகள் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் துண்டுகளை எடுத்துப் போய்விடுவார்கள். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அங்கே பாதை ஓரம் அடையாளமிட்ட துண்டுகளைப் போட்டு, இரண்டு வகை அறிவிப்பை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ‘தயவுசெய்து எடுக்காதீர்கள்’ என்ற பலகை இருந்தபோது 2 விழுக்காட்டுக்கும் குறைவான துண்டுகள் காணாமல் போயின. ‘இதற்கு முன் வந்த பலர் எடுத்துப் போய்விட்டார்கள்’ என்று வருத்தப்பட்ட பலகை இருந்தபோது ஏறக்குறைய 8 விழுக்காடு போயிற்று. எல்லோரும் எடுக்கிறார்கள் என்றால் நாம் மட்டும் ஏன் சும்மா போக வேண்டும்? அதைப் படித்த அன்று என் பேச்சுப் போட்டித் தாள்களை எல்லாம் எடுத்துப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டேன். எல்லோரும் வீசுகிறார்கள் என்று ஊர் முழுக்க அறிவித்து வந்தவள் நான்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவின் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பரோட்டாக் கடைக்குப் போனேன். எவர்சில்வர், மூடியோடு. என் அக்காவின் காதணி விழாவுக்கு மாமா கொண்டுவந்த அன்பளிப்பு. பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். வரிசையில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வாளியோடுதான் ஓட்டலுக்கு ஓடினார்கள். இடையில் ஏதோ நடந்து அது இல்லாதவர்களின் அடையாளமாகிவிட்டது. மஞ்சப்பையும் அப்படித்தான். கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை, நகரத்துக்கு வந்ததும் பட்டிக்காட்டான் என்பதற்கு இன்னொரு பெயராயிற்று. கேலி பேசியே நம் கையிலிருந்து அதைப் பிடுங்கினார்கள். 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று தொடங்கியபோது எனக்குப் பிடித்தது அந்தப் பெயர்தான். கேலிச் சொல்லையே நிமிர்த்தி நிறுத்தியது.

சப்ளையர் பையன் வாளியைப் பார்த்தான். பிறகு ஏற்கெனவே கட்டி அடுக்கி வைத்திருந்த சால்னாக் கவர் ஒன்றை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, என் வாளியில் ஊற்றிவிட்டு, கவரைக் குப்பைக்கூடையில் போட்டான். “சரியா டீச்சர்?” என்றான், மிகுந்த பணிவோடு.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கல்லாவில் இருந்த முதலாளியிடம் போனேன். கூட்டம் குறையும்வரை நிற்கச் சொன்னார். பிறகு அவர் விளக்கியதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கே சால்னாவைக் கவரில் கட்டி வைத்துவிடுவார்கள். எட்டு மணிக் கூட்டத்தில் கரண்டி பிடிக்க நேரம் கிடையாது. கவர் என்றால் அளவு ஒன்று. யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். பாத்திரம் என்றால் “அவருக்கு நிறைய, எனக்குக் குறைவு” என்று வரும். “கவருக்கும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன் டீச்சர். நீங்கள் எல்லோரும் வாளி கொண்டுவந்தால் எனக்கென்ன கசக்கவா செய்யும்? ஆனால் வேலை முடிந்து பஸ் ஏறப் போகிறவர் காலையிலிருந்து வாளியையும் சுமந்துகொண்டு திரிவாரா?”

பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கு நெகிழியைப் பற்றித் தெரியவில்லை என்று நினைத்துப் போனேன். பரோட்டாக் கடையைப் பற்றி எனக்குத்தான் தெரியவில்லை.

இதே மதுரையில் இதைவிடப் பெரிய பாடம் ஒன்று நடந்திருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டில்தான் காந்தி அரையாடைக்கு மாறினார். அதைச் சொல்லும்போது ஏழைகளைப் பார்த்து மனம் இளகினார் என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். மதுரைக்கு வரும் ரயிலில் நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். உடன் பயணம் செய்தவர்களிடம் கதர் உடுத்தச் சொல்லிப் பேசினார். விலை அதிகம், வாங்கும் அளவுக்கு நாங்கள் வசதியானவர்கள் இல்லை என்று அவர்கள் தலையசைத்தார்கள். மேல்சட்டையும் தொப்பியும் முழு வேட்டியுமாக இருந்த தன்னைப் பார்த்து அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. அவர்களைத் திருத்துவதற்கு முன்னால் தன் வேட்டியைக் குறைத்துக்கொண்டார். நான் பரோட்டாவைக் குறைத்திருக்கலாம்தான். அது மதுரையில் நடக்கிற காரியமா?

கடையில் மாட்ட நான் ஒரு வாசகம் எழுதிக் கொடுத்தேன்: ‘நெகிழியைத் தவிர்ப்போம், பூமியைக் காப்போம்.’ முதலாளி படித்துப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கிறது டீச்சர், பள்ளிக்கூடத்தில் மாட்டுங்கள்” என்று திருப்பிக் கொடுத்தார். அவரே ஒரு அட்டையில் எழுதினார்: ‘பாத்திரம் கொண்டுவந்தால் ஒரு கரண்டி சால்னா கூடுதல்.’

முதல் சனிக்கிழமை நான் நின்ற அரை மணி நேரத்தில் மூன்று பாத்திரங்கள் வந்தன. இரண்டு மாதத்தில் பத்துப் பதினைந்து. அதற்கு மேல் ஏறவில்லை. பஸ் ஏறப் போகிறவர்கள் கவரில்தான் வாங்கினார்கள். ஆனால் வேறொன்று நடந்தது. தூக்குவாளி பிடித்தவர்களைப் பார்த்து மற்றவர்கள், “அட, கூடுதலாகத் தருகிறார்களா?” என்று கேட்டார்கள். வாளி பிடித்து நிற்பவர் இல்லாதவர் என்பது மாறி விவரமானவர் என்றாயிற்று. ஒருவர்கூடப் பூமியைப் பற்றிப் பேசவில்லை.

வகுப்பில் பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள்: “டீச்சர், பிளாஸ்டிக்கைத்தான் ரோட்டில் போடலாமே?” இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு இரண்டு பொருள். நம்முடைய தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், துண்டாக்கிய நெகிழியைச் சூடான ஜல்லி மீது தூவி உருகவைத்து, அதன்மேல் தார் கலந்து சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தவர். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். பெருமைதான். ஆனால் எதை வேண்டுமானாலும் வீசலாம், யாராவது ரோடாக்கிவிடுவார்கள் என்று பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டார்கள். எண்ணெய் மிதக்கும் சால்னாக் கவரைக் கழுவி, காயவைத்து, பிரித்துக் கொடுக்கப் போவது யார் என்று திருப்பிக் கேட்டேன். “அந்த அக்கா” என்றான் ஒரு பையன், சாதாரணமாக.

அந்த அக்காவை வகுப்புக்குக் கூப்பிட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

எங்கள் தெருவில் தினமும் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர் அவர். பெயர் வேண்டாம். “எனக்கு என்ன பேசத் தெரியும் டீச்சரம்மா” என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டார். வந்த அன்று நாற்காலியில் உட்கார மறுத்தார். கரும்பலகைப் பக்கம் போகவே இல்லை. முன்வரிசைப் பிள்ளையிடம் தன் வலது கையை நீட்டி, “பார், தொட்டுப் பார்” என்றார். உள்ளங்கையில் மூன்று தழும்புகள். ஒன்று உடைந்த டியூப்லைட், ஒன்று பிளேடு. மூன்றாவது எதனால் என்று அவருக்கே நினைவில்லை. பிறகு ஒவ்வொரு பிள்ளையிடமும் வீடு எங்கே என்று கேட்டார். தெருவைச் சொன்னதும், அந்த வீட்டுக் குப்பையில் என்ன இருக்கும் என்று அவர் சொன்னார். ஒரு வீட்டில் வெற்றிலை, ஒரு வீட்டில் மாத்திரை அட்டை, ஒரு வீட்டில் சாதம். “உங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோழியா?” பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே, கேட்காத குரலில்தான், “கண்ணாடி இருந்தால் மட்டும் பேப்பரில் சுற்றிப் போடச் சொல்லுங்கள் சாமி, உங்கள் அம்மாவிடம்” என்றார்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி மூன்று வட்டம் வரைந்து நான் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். யார் வீட்டிலும் மூன்று கூடை முளைக்கவில்லை. அக்கா வந்துபோன அடுத்த வாரம் தெருவில் பேப்பர் பொட்டலங்கள் வரத் தொடங்கின. ஒன்றின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது: ‘அக்கா, பார்த்து. கண்ணாடி.’ அக்கா அதைப் பிரிக்காமல் என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து காட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியும், ஆனால் என்னை வாசிக்கச் சொன்னார்.

கதை இத்தோடு நின்றிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஐந்தாறு மாதம் கழித்து ஒரு பையன் வகுப்பில் எழுந்து நின்றான். பிரித்துக் கொடுத்த குப்பையைத் தெருமுனையில் பெரிய வண்டி வந்து ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போவதைப் பார்த்தானாம். “அப்புறம் எதற்கு டீச்சர் பிரிக்க வேண்டும்?” என்னிடம் பதில் இல்லை. அவன் அம்மா என்னை வழியில் நிறுத்தியே கேட்டார்: “நான் பிரித்துப் போட, அவர்கள் ஒன்றாகக் கொட்ட, என்னைப் பார்த்தால் கிறுக்கியாகத் தெரிகிறதா?” தெருவில் பாதி வீடுகள் அத்தோடு நிறுத்திக்கொண்டன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறு மாதம் நான் பேசியதையெல்லாம் அந்த வண்டி ஒரே கொட்டலில் மறுத்துப் பேசிவிட்டது. ஆனால் ஒன்று கவனித்தேன். பிரிப்பதை நிறுத்தியவர்கள்கூடக் கண்ணாடியைச் சுற்றிப் போடுவதை நிறுத்தவில்லை. வண்டி என்ன செய்தாலும் அந்தக் கை அதே கைதானே.

சிவகங்கை மாவட்டத்தில், மதுரையிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில், வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி கிடையாது. மழைக்காலத்தில் கண்மாய் மரங்களில் கூடு கட்டும் நாரைகளுக்காக. பிள்ளைகளை அங்கே கூட்டிப் போயிருந்தபோது ஒரு மூதாட்டியிடம், யார் உங்களுக்கு இதைச் சொல்லித் தந்தார்கள் என்று கேட்டேன். கேள்வியே அவருக்குப் புரியவில்லை. “பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பிள்ளைகள் அம்மா அவை. பக்கத்தில் வெடி போடுவார்களா?” என்றார். பல்லுயிர்ப் பெருக்கம் என்ற பாடத்தை நான் நாற்பத்தைந்து நிமிடம் நடத்துவேன்.

இந்த மாதிரிக் கதைகளைச் சொன்னதும், அந்தக் காலத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் பாருங்கள் என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலூர்ப் பக்கம் என் அம்மாவின் ஊரில் ஊருணிக்குள் யாரும் செருப்புக் காலோடு இறங்க மாட்டார்கள், துணி துவைக்க மாட்டார்கள்; அறிவிப்புப் பலகை எதுவும் இருந்ததில்லை. உண்மை. அதே ஊருணியில் ஊரின் ஒரு பகுதி மக்கள் தண்ணீர் எடுக்க விடப்பட்டதில்லை என்பதும் உண்மை. குழாய்த் தண்ணீர் வந்தபோது அவர்களுக்கு அது விடுதலை. ஆனால் குழாய் வந்த பிறகு ஊருணிக்கு நாதியில்லாமல் போயிற்று. யாருடைய மனமும் கெட்டுப்போய்விடவில்லை. குடிக்காத தண்ணீரை எதற்காகக் காவல் காப்பது? என் சித்தி மகன் இப்போது அதன் கரையில்தான் வண்டியைக் கழுவுகிறான்.

குடிக்கிற தண்ணீர் என்றால் கதை வேறு. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்போது எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. 2024 நவம்பரில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்ததும் ஊர் ஊராகக் கிராம சபைத் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. என் சித்தியும் நடந்தார். கால் வீங்கிக் கிடந்தவரிடம் என்ன பேசினீர்கள் அங்கே என்று கேட்டேன். “என்ன பேசுவது? சுனை போனால் மாட்டுக்கு எங்கே தண்ணீர் காட்டுவது என்றுதான்.” மகன் ஊருணிக் கரையில் வண்டி கழுவுவதைச் சொல்லிக் காட்டலாமா என்று நினைத்தேன். வீங்கிய காலைப் பார்த்து விட்டுவிட்டேன்.

பள்ளியில் உறுதிமொழி இப்போதும் உண்டு. அது மேலிடத்து உத்தரவு. கட்டுரைப் போட்டியை மட்டும் மாற்றிவிட்டேன். தீமைகளை எழுத வேண்டாம், உங்களுக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர், ஒரு அத்தை, ஒரு தாத்தா ஏன் மாற முடியவில்லை என்று அவர்களிடமே கேட்டு எழுதிக் கொண்டு வாருங்கள் என்று சொல்கிறேன். வரும் பதில்கள் எல்லாம் சால்னா மாதிரிதான். எண்ணெய் கசியும், பிசுபிசுக்கும், தாளில் கறை படியும். ஒரு பெண் தன் பாட்டியைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தாள்: ‘பாட்டிக்குத் துணிப்பை கனம், தோள் வலி.’ முதல் பரிசு அதற்குத்தான் கொடுத்தேன்.

போன சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பரோட்டாக் கடைக்குப் போய்விட்டேன். கையில் வாளி இல்லை. சப்ளையர் பையன் இப்போது மீசை வைத்துவிட்டான். என் கையைப் பார்த்தான். நான் கல்லாப் பக்கம் திரும்பினேன். முதலாளி ஒன்றும் சொல்லாமல் மேசைக்கு அடியில் கைவிட்டு, முன்பு கவர்க் கட்டு இருந்த இடத்திலிருந்து, ஒடுக்கு விழுந்த தூக்குவாளி ஒன்றை எடுத்து வைத்தார்.

“ஐம்பது ரூபாய் வைத்துவிட்டுப் போங்கள் டீச்சர். வாளி திரும்பி வந்தால் பணம் திரும்பி வரும். பஸ்காரர்களுக்காகப் பழைய பாத்திரக் கடையில் நான்கு வாங்கிப் போட்டேன்.”

வீட்டுக்கு வந்து விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்தேன். யாருக்கோ யாரோ வசந்த விழாவுக்குச் செய்த மொய்; தேதி தேய்ந்துவிட்டது, பெயரில் பாதி இருந்தது. காலையில் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, கல்லாவைத் திறந்தார்.